பட்டியலில் இடமில்லாத குழாய்

போன மாதம் நான் என் பழைய ஆபீஸுக்கு வந்திருந்தபோது உங்களில் இரண்டு பேர், ஒரு கட்டடத்தின் தண்ணீர்க் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்று மல்லுக்கு நின்றுகொண்டிருந்தீர்கள். ஒருவர் சதுர அடிக் கட்சி. மற்றவர் வீட்டுக்கு வீடு மீட்டர் கட்சி. என்னைக் கண்டதும், "சார், நீங்களே சொல்லுங்க, எது சரி?" என்று நடுவர் நாற்காலியில் உட்காரவைக்கப் பார்த்தீர்கள். நான் டீயை அவசரமாகக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நழுவிவிட்டேன். பஸ் ஒன்றும் போய்விடவில்லை. பதில் சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். நிறைய எழுதுகிறானே கிழவன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இது நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய கதை. அந்தப் பெயரை எப்படி வாங்கினேன் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து நான்கு வயது. கட்டடச் சொந்தக்காரர்களின் சார்பில் வாடகை வாங்கி, ஒழுகுவதை அடைத்து, குடித்தனக்காரர்களின் சண்டையைத் தீர்த்துவைக்கும் ஓர் அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். தற்காலிகம் என்றால் எந்தச் சனிக்கிழமையும் கடைசிச் சனிக்கிழமையாக இருக்கலாம் என்று அர்த்தம். ஊரில் அப்பாவின் கடை நொடித்துப்போயிருந்தது. நான் இங்கே ஒரு அறையில் நான்கு பேரோடு படுத்துக்கொண்டு, மெஸ்ஸில் ஒருவேளைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. ஆனால் அப்போது எதற்குப் பயந்தேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பொறுப்பில் பாம்பே மாட்டுங்காவில் ஒரு மூன்று மாடிக் கட்டடம் இருந்தது. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கூப்பிடு தூரம். முன்பக்கத்து வீடுகள் வசதியானவை. உள்ளேயே குளியலறை, சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும் கக்கூஸ், சமையலறையில் தனிக் குழாய். இரண்டாம் மாடியில் ஒரு வீட்டில் பீங்கான் தொட்டிகூட உண்டு. பின்பக்கம் ஒற்றை அறைகள். அங்கே மாடிக்கு ஒரு பொதுக் குளியலறை. இவை எதிலும் சேராமல், கட்டடத்துக்குப் பின்னால் சாக்கடை ஓரமாக ஒரு குழாய் இருந்தது. வேலைக்கு வரும் பெண்கள் அங்கேதான் பாத்திரம் தேய்ப்பார்கள். காவல்காரன் குளிப்பதும் அங்கேதான்.

அதுவரை மீட்டர் கிடையாது; கட்டடத்தின் மதிப்பை வைத்து கார்ப்பரேஷனிலிருந்து தண்ணீருக்கு ஒரே தொகையாக வரும். எவ்வளவு செலவழித்தாலும் அதே தொகை. அதனால் யாரும் எவர் குழாயையும் எட்டிப் பார்த்ததில்லை. இப்படி யாரும் பார்க்காத இடத்தில் ஒரு வழக்கம் வேரூன்றி இருந்தது. பாத்திரம் தேய்க்க வரும் பெண்களுக்குச் சம்பளம், மீந்த சோறு, அதோடு போகும்போது பின்குழாயில் இரண்டு குடம் தண்ணீர். இது எந்தக் காகிதத்திலும் இல்லை. வீட்டு அம்மாள்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போதே, "ரெண்டு குடம் ஜலம் எடுத்துண்டு போகலாம்" என்று அதையும் கூலியில் சேர்த்துத்தான் பேசுவார்கள்.

இசக்கியம்மாள் அந்தக் கூலியை நம்பி வேலைக்கு வந்தவள். நாற்பது வயது இருக்கும். ரயில் பாதையைத் தாண்டி, தாராவியிலிருந்து நடந்து வருவாள். அவள் சந்தில் காலையில் கொஞ்ச நேரம்தான், அதுவும் வரிசையில் பாதிப் பேருக்குத்தான், தண்ணீர் வரும். அந்த நேரத்தில் அவள் மாட்டுங்காவில் நான்கு வீட்டுப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பாள். புருஷன் தோல் கிடங்கில் வேலை பார்த்து முதுகு போய்ப் படுத்தவன். ஆக, அந்த வீட்டில் குடிக்கவும் கஞ்சி காய்ச்சவும் எங்கள் பின்குழாயின் இரண்டு குடம்தான். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று.

நான் முதன்முதலாக அங்கே போனபோது அவளே பேச்சுக் கொடுத்தாள். "தம்பிக்கு எந்த ஊரு? மொகத்தப் பாத்தா நம்ம பக்கம் மாரி இருக்கு."

அவள் பேச்சு என் வீட்டுப் பேச்சு. அம்மா கூப்பிடுவதுபோல இருந்தது. ஆனால் கையில் ஆபீஸ் நோட்டு இருந்ததே! "பாம்பேதான்" என்றேன்.

அவள் சிரித்தாள். "சரி தம்பி, பாம்பேன்னே வச்சுக்கிடுவோம்."

அந்த வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் கட்டடத்துக்கு மீட்டர் வைத்தார்கள். மழை முடிந்து முதல் பில் வந்தது. வழக்கமான தொகையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சொந்தக்காரர் குடித்தனக்காரர்கள் தலையில் கட்டச் சொன்னார். குடித்தனக்காரர்கள் கொதித்துப்போனார்கள்.

அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர், பீங்கான் தொட்டி வைத்திருந்த இரண்டாம் மாடிக்காரர். ஓய்வுபெற்ற கணக்கதிகாரி. எங்கள் ஆபீஸுக்கே வந்து மேஜையைத் தட்டினார். "நான் ஒருத்தன் குளிக்கறதுக்கு இவ்வளவு ஜலமா? எங்கயோ ஓட்டை இருக்கு. கண்டுபிடியுங்கோ. இல்லேன்னா ஒருத்தரும் வாடகை தரமாட்டோம்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. எங்கேயோ ஓட்டை இருந்தது. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு வாரம் டயம். யார் எவ்வளவு செலவழிக்கறா, எப்படிப் பிரிக்கறதுன்னு எழுதிக் கொண்டா. நன்னா பண்ணினா உன்னைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதறேன்" என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினேன். எத்தனை அறை, எத்தனை குழாய், சங்கிலிக் கக்கூஸ் உண்டா, தொட்டி உண்டா, பால்கனியில் பூந்தொட்டி உண்டா என்று எழுதி, ஒவ்வொரு வசதிக்கும் மதிப்பெண் போட்டேன். அதிக வசதி, அதிகப் பங்கு. ஒற்றை அறைக்காரர்களுக்குக் குறைந்த பங்கு. இன்று நீங்கள் கம்ப்யூட்டரில் செய்வதை நான் பென்சிலால் செய்தேன். நியாயமான பட்டியல்தான். இப்போதும் அதில் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் பட்டியலின் கடைசியில் பின்குழாய் வந்து நின்றது. அதற்கு எந்த வீட்டிலும் பங்கு இல்லை. அது யாருடைய வசதியும் இல்லை. எல்லார் தலையிலும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றலாம் என்றால் இரண்டாம் மாடிக்காரர் மறுபடியும் மேஜையைத் தட்டுவார். ஒரு காலை அங்கே போய் நின்றேன். இசக்கியம்மாள் வேலை முடித்து இரண்டு குடம் நிரப்பினாள். இன்னும் இரண்டு பெண்கள் நிரப்பினார்கள். குழாயை இறுக மூடிவிட்டுப் போனார்கள். அறிக்கையில் எழுதினேன்: "பின்புறக் குழாயிலிருந்து வெளியாட்கள் தண்ணீர் எடுத்துச் செல்கிறார்கள். அதை மூடிவிடலாம்."

இரண்டே வரி. எழுதும்போது கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. எடுத்துச் செல்கிறார்கள் என்பது உண்மை. வெளியாட்கள் என்பதும் உண்மை. அது அவர்களுடைய கூலி என்பதை மட்டும் எழுதவில்லை. எத்தனை குடம் என்பதையும் எழுதவில்லை. குடித்தனக்காரர்கள் என் மதிப்பெண்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை நாள் தேடிய ஓட்டை கிடைத்துவிட்டது அல்லவா?

குழாய்க்கு மூடி போட மிஸ்திரி வந்தார். மால்வண் பக்கத்து மராத்திக்காரர், மாட்டுங்காவில் வேலை செய்தே ஒரு மாதிரி தமிழ் கற்றுக்கொண்டவர். மழைக்குப் பிறகு மொட்டைமாடித் தொட்டியைக் கழுவுவது வருஷா வருஷம் அவர் வேலை. அதையும் அன்றைக்கே முடித்துவிட்டுப் போனார். நான் வேலைச் சீட்டில் அவர் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்தேன்.

மூடி போட்ட மறுநாள், முதல் மாடி அம்மாள் இசக்கியம்மாளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள். அந்த அம்மாள்தான் இரண்டு குடம் எடுத்துக்கொள் என்று சொல்லி அவளை வேலைக்கு வைத்தவள். இப்போது ஆபீஸ் காகிதமே வந்துவிட்டதே! வெளியாட்கள் என்று நான் எழுதியது மாடிப்படி இறங்குவதற்குள் தண்ணீர்த் திருடி என்று ஆகியிருந்தது. தாராவியில் கொண்டுபோய் விற்கிறாள் என்றுகூட யாரோ சேர்த்துக்கொண்டார்கள். அந்த வாரத்திலேயே மற்ற மூன்று வீடுகளும் போய்விட்டன.

இசக்கியம்மாள் கட்டடத்து கேட் அருகே என்னை நிறுத்தினாள். "தம்பி, நீங்க அன்னைக்கு நின்னு பாத்தீயல்லா? நான் ரெண்டு கொடந்தான எடுத்தேன்? அந்தம்மா தந்ததத்தான எடுத்தேன்? ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி."

"பார்க்கிறேன்மா" என்றேன். நம் தொழிலில் எத்தனை பேரிடம் இந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறோம்! ஒன்றையும் பார்க்கப் போவதில்லை என்பதற்கு இதைவிட மரியாதையான சொல் தமிழில் இல்லை.

அடுத்த பில் வந்தது. பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மானேஜர் என் முதுகைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை குடித்தனக்காரர்கள் கூட்டம் போட்டுக் காபி தரப்போகிறார்கள், நீயும் வரவேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை மாட்டுங்காக் கட்டட வாசலில் மிஸ்திரியைப் பார்த்து, பின்குழாயை மூடியதில் பில் இறங்கிவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "அரே பாபு, நல், அதான் குழாய், மூடி பில் கம்மி ஆச்சா? ரெண்டு குடம் தண்ணிக்கு அவ்ளோ பில் வருமா? மேலே டாங்கி கழுவுறப்போ பால்காக் உடைஞ்சு இருந்துச்சு. நான் புதுசு போட்டேன். நீதானே கையெழுத்து வாங்கினே?"

பால்காக் என்று அவர் சொன்னது, தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வு. நான் மொட்டைமாடிக்கு ஓடினேன். கழற்றிப் போட்ட பழைய மிதவை மூலையில் கிடந்தது. கையில் எடுத்து ஆட்டினேன். உள்ளே தண்ணீர் சளசளத்தது. மிதக்க வேண்டியது மூழ்கிக் கிடந்திருக்கிறது. தொட்டி நிரம்பிய பிறகும் தண்ணீர் நிற்காமல் வழிந்திருக்கிறது. வழிந்தது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? சில வருஷங்களுக்கு முன் வழிகிற தண்ணீர் பால்கனித் துணிகளில் தெறிக்கிறது என்று புகார் வந்து, எங்கள் ஆபீஸேதான் அந்த வழிகுழாயைத் திருப்பி மழைநீர்க் குழாய்க்குள் விட்டிருந்தது. மழை மாதங்களிலும் மழை விட்ட சில நாட்களிலும் மழைநீர்க் குழாயில் தண்ணீர் ஓடினால் யார் சந்தேகப்படுவார்கள்?

கீழே வந்து என் நோட்டைப் புரட்டினேன். அறிக்கை எழுதிய வாரத்தில் ஒருநாள் விடியற்காலையில் மீட்டரைப் பார்த்துக் குறித்திருந்தேன். கட்டடம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்த நேரம். பின்குழாயில் ஈ காக்கை இல்லை. மீட்டர் விறுவிறு என்று சுற்றிக்கொண்டிருந்தது. என் கையெழுத்தில்தான் அது இருந்தது. பட்டியலில் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை என்று விட்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் மாடிக்காரர் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். முதல் மாடி அம்மாள்தான் காபி கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டாம் மாடிக்காரர் எழுந்து, "இந்தப் பிள்ளையாண்டான் ஒரே வாரத்துல திருட்டைக் கண்டுபிடிச்சுட்டான்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். மானேஜர் என் காதருகே குனிந்து, "திங்கட்கிழமை உன் ஆர்டர் ரெடி" என்றார். இரண்டாம் மாடிக்காரர் என்னைப் பார்த்து, "ரெண்டு வார்த்தை பேசுங்கோ" என்றார்.

நான் எழுந்தேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். பால்காக் உடைந்திருந்தது, குழாய் காரணமில்லை. சொல்லியிருந்தால் வழிகுழாயைத் திருப்பியது யார் என்று கேட்டிருப்பார்கள். மானேஜர் முகம் மாறியிருக்கும். திங்கட்கிழமை என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. நான், "எல்லாருடைய ஒத்துழைப்புக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். காபி நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்தது என்பது இன்னும் நினைவிருப்பதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை ஆர்டர் வந்தது. அந்த வாரமே இசக்கியம்மாள் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். செம்பூரில் ஒரு புதுக் கட்டடத்தில் வேலை இருக்கிறதாம். பழைய இடத்தை ஏன் விட்டாய் என்று கேட்கிறார்களாம். மாட்டுங்காவில் விசாரித்தால் திருடி என்றுதான் பதில் வரும்.

"அறிக்க எழுதுனது நீங்கதானாமே, காவக்காரரு சொன்னாரு" என்றாள். குரலில் கோபம் இல்லை. "அதே மாரி எனக்கும் ஒரு காயிதம் எழுதித் தாங்க. நான் தண்ணி திருடலன்னு எழுதுங்க. அது போதும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தேன். முதல் காகிதத்தில் உண்மையை எழுதினேன். மிதவை வால்வு உடைந்திருந்ததால் தண்ணீர் வீணானது, பின்குழாயில் தண்ணீர் எடுத்தவர்கள் குற்றமற்றவர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. இது மாட்டுங்காவுக்குத் திரும்பி வந்தால்? இரண்டாம் மாடிக்காரர் கையில் கிடைத்தால்? கிழித்துப் போட்டேன். இரண்டாவது காகிதத்தில், இவர் எனக்குத் தெரிந்தவர், உழைப்பாளி, நம்பிக்கைக்கு உரியவர், வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அழகாக எழுதினேன். இதுவும் பொய்யில்லையே என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். எழுத்தும் முத்து முத்தாக வந்திருந்தது.

தாராவியில் அவள் சந்தைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னதும் கைகாட்டினார்கள். அந்தச் சந்தில் எல்லாரும் எங்கள் ஊர்ப் பேச்சே பேசினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அவள் வாசலில் இரண்டு பித்தளைக் குடங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே புருஷன் இருமினான். அவள் ஒரு பலகையை எடுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். குடிக்க எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்கத் தண்ணீர் இல்லை என்பது சற்று நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா. நீங்களே வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். முடித்ததும் இன்னும் வரும் என்று காத்திருந்தாள்.

"அவ்வளவுதான்" என்றேன்.

"இதுல கொழாயப் பத்தி ஒண்ணும் வரலியே?"

நான் காகிதத்தை மறுபடியும் மேலிருந்து பார்த்தேன்.

"தண்ணி திருடலன்னு எழுதச் சொன்னேம்லா? தண்ணியும் இல்ல, கொழாயும் இல்ல."

"அப்படி எழுத முடியாதும்மா. ஆபீஸ் விஷயம். இது நல்ல சர்டிபிகேட்தான், இதைக் காட்டினாலே…"

அவள் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். நான் மடித்துக்கொண்டு வந்த மடிப்பிலேயே அழகாக மடித்தாள். என்னிடம் திரும்ப நீட்டினாள்.

"அப்பம் இது வேற யாருக்கோ எழுதுனது, சார்."

அதுவரை தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் செம்பூர் வேலை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. விசாரித்திருக்கலாம். சில மைல் தூரம்தான். நான் போகவில்லை. அடுத்த மழைக்குப் பிறகு ஒருமுறை தாதர் மார்க்கெட்டில் அந்தச் சந்துக்காரர் ஒருவரைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்து அவர் நெருங்குவதற்குள் நான் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டேன். அந்தக் குழாய் கடைசிவரை மூடியே இருந்தது. அதன்மேல் யாரோ ஒரு ரோஜாத் தொட்டி வைத்தார்கள்.

சதுர அடியா, மீட்டரா என்று கேட்டீர்கள். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த முறையாக இருந்தாலும் அது ஒவ்வொரு வசதியையும் யாருடைய பெயரிலாவது எழுதும். எழுத முடியாத ஒன்று கடைசியில் மிஞ்சும். அங்கே போய் நில்லுங்கள். அதை யார் பிடித்துக்கொண்டு உயிர்வாழ்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரே நாளில் இரண்டு வேலை செய்துவிட்டு, எது பலித்தது என்று உங்களுக்குப் பிடித்த பக்கம் கைகாட்டாதீர்கள். தப்பாக எழுதிவிட்டால் அடுத்த காகிதத்திலேயே அதைப் பெயர் சொல்லித் திருத்துங்கள். நான் ஓய்வுபெறும்வரை எழுதிய ஒரு அறிக்கையிலும் வெளியாட்கள் என்ற சொல் வரவில்லை. அதனால் யாருக்கும் ஒரு குடம் தண்ணீர் கூடக் கிடைத்துவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் கேட்டதை இப்போது எழுதுகிறேன். மாட்டுங்காக் கட்டடத்தின் பின்குழாயில் இசக்கியம்மாள் தண்ணீர் திருடவில்லை. வீட்டுக்காரர்கள் கூலியாகத் தந்த இரண்டு குடத்தைத்தான் எடுத்துப் போனாள். வீணானது மொட்டைமாடித் தொட்டியில். தெரிந்தும் மறைத்தவன் நான். இந்தக் காகிதத்தில் குழாய் வந்திருக்கிறது. அவளுக்கு வாசித்துக் காட்டத்தான் வழியில்லை.